பதினான்கு தொகுப்புகளில் ஒரே அக்கார்டியன்

நடந்தது இந்த வரிசையில் நடந்தது:

1. மெக்சிகோவின் வட்டார நடனப் பாட்டுத் தொகுப்புகள் முப்பத்தொன்று ஒரு திங்கட்கிழமை காலை என் வேலைப் பட்டியலுக்கு வந்தன.
2. அவற்றில் பதினான்கில் ஒலிப்பது தன் அப்பா வாசித்த அக்கார்டியன் என்றும், ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை என்றும் அந்த நாட்டிலிருந்து ஒரு பெண் புகார் அனுப்பியிருந்தாள்.
3. அவள் அனுப்பிய பழைய பதிவோடு பதினான்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, எல்லாமே வேறு பதிவுகள் என்று நான் குறித்தேன்.
4. புகார் மூடப்பட்டது.
5. ஒன்பது நாள் கழித்து, பதினான்கும் அதே பதிவுதான் என்று தெரிந்தது.
6. அதை முதலில் சொன்னவர் இசை தெரிந்தவர் அல்ல. கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். அந்தமானில், சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். இணையத்தில் பாட்டு விற்கிறவர்களுக்கு அந்தக் கம்பெனி ஒப்பீட்டு வேலை செய்து தருகிறது. ஒரு பாட்டும் இன்னொரு பாட்டும் ஒரே ஒலிப்பதிவா என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாத இடத்தில் மனிதக் காது வேண்டும். அந்தக் காது நான். மூன்று பொத்தான்கள் இருக்கும்: ஒன்றே, வேறு, சந்தேகம். சந்தேகம் என்று அதிகம் அழுத்துகிறவர்களைக் கம்பெனிக்குப் பிடிக்காது.

பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவுக்கு இந்த வேலை இன்னும் புரியவில்லை. "கானா சுன்னே கா நௌக்ரி? ஹமாரா பேட்டா கோ பீ திலாவோ" என்பார். பாட்டுக் கேட்பதற்கெல்லாம் வேலையா, எங்கள் மகனுக்கும் ஒன்று வாங்கிக் கொடு என்று. அம்மாவும் அவரோடு சேர்ந்து சிரிப்பாள்.

முதலில் அட்டைப் படங்களைச் சொல்லிவிடுகிறேன். அருவருப்பு அங்கேதான் தொடங்கியது. முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் ஒரே தொப்பியின் படம், நிறம் மட்டும் மாற்றி. ஏழு அட்டைகளில் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் நால்வருக்குத் தலை இல்லை. படம் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது. தேவைப்பட்டது இடுப்பும் குட்டைக் கால்சட்டையும்தான். ஒரு அட்டையில் கம்ப்யூட்டர் வரைந்த பெண் ஒருத்தி அக்கார்டியன் வைத்திருந்தாள். இடது கையில் ஆறு விரல். அக்கார்டியனுக்கு இரண்டு பக்கமும் பியானோ கட்டைகள், நடுவில் துருத்தியே இல்லை. அதை வாசிக்க முடியாது என்று அட்டை போட்டவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை.

அடுத்தது தலைப்புகள். 'ஓயாத முப்பது ஆட்டம்' என்ற பொருளில் ஒன்று. உள்ளே இருபத்திரண்டு பாட்டு. 'தொகுதி ஏழு' என்று ஒன்று. தேடிப் பார்த்தேன், ஒன்று முதல் ஆறு வரை எங்கேயும் இல்லை. வாசித்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் 'பல கலைஞர்கள்'. அந்தப் பலரில் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது. தொகுத்த நிறுவனத்தின் பெயர் மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பிழையில்லாமல் இருந்தது.

அப்புறம் அந்த அறிவிப்பாளர். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் தொகுப்பின் பெயரைத் தொண்டை கிழியக் கத்துவான். பின்னால் குதிரை கனைக்கும், துப்பாக்கி இரண்டு முறை சுடும், டிரம் உருளும். மறுபடி கத்துவான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை அதை ஹெட்போனில் கேட்டேன். எங்கள் ஊர் ஈரத்தில் ஹெட்போன் பஞ்சில் பூஞ்சை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். அந்த வாரம் மாற்றும் நாள் தள்ளிப்போயிருந்தது. காதில் புளித்த வாடை, காதுக்குள் அவன் கத்தல். அவன் எச்சில் என் மேல் தெறிப்பதாகவே இருந்தது. சாப்பிடும் முன் காதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அம்மா பார்த்துவிட்டு, "காதுக்கு என்னடி வந்துச்சு? சீழ் கீழ் வடியுதா?" என்றாள்.

பாட்டுகள் மோசமில்லை. அதுதான் எரிச்சலைக் கூட்டியது. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவதற்கான இசை அது. பெண்ணின் தலைமுடி தரையைத் தொடுகிற அளவு அவளை ஆண் பின்னால் வளைத்து ஆடுகிற ஒரு வகையும் உண்டு. அடித்தாளத்தை ஒரு பெரிய பித்தளைக் குழல் ஊதும், மேலே அக்கார்டியன் ஓடும். நன்றாகச் சமைத்த குழம்பில் யாரோ துப்பிவிட்டு, கிண்ணத்தை மட்டும் மாற்றி மாற்றி நம் முன்னால் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

புகார் ஸ்பானிஷில் இருந்தது. இயந்திரம் மொழிபெயர்த்த ஆங்கிலத்தில் நான் படித்தேன். சுருக்கமாக இதுதான்: அப்பா இளவயதில் ஒரு சிறிய குழுவில் அக்கார்டியன் வாசித்தார். ஒரே ஒரு முறை ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். குழு கலைந்துவிட்டது. அந்தப் பாட்டு இன்றும் கல்யாணங்களில், பஸ்களில் போகிறது. கேட்கும்போதெல்லாம் "இதை வாசித்தது நான்" என்கிறார். பேரப்பிள்ளைகள் உடனே போனில் தேடுகிறார்கள். பெயர் இல்லை. தாத்தா கதை விடுகிறார் என்று முகத்துக்கு நேராகச் சிரிக்கிறார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை. அவர் பார்க்கும்படி அவர் பெயர் அங்கே வரவேண்டும். அவ்வளவுதான்.

நான் அதைப் படித்தேன். நியாயமான புகார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, எல்லாப் புகார்களையும் போல இதையும் பட்டியலில் ஏற்றி வேலையைத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் பதினான்கையும் முடித்தேன். தொடக்கம் வேறு, டிரம் வேறு, சுருதி கொஞ்சம் மேலே. யாரோ பழைய பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிந்திருக்கிறார்கள் என்பது என் முடிவு. வேறு, வேறு, வேறு. பதினான்கு தடவை.

நான் எப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

கடலடி கேபிள் வருவதற்கு முன்னால் இந்தத் தீவுகளில் இணையம் சாட்டிலைட் வழியாக வந்தது. வந்தது என்பதே பெரிய சொல். மழை வந்தால் போகும். ஒரு பாட்டை இறக்கி முடிப்பதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். இங்கே வளர்ந்த எல்லோருக்கும் அதனால் சில பழக்கங்கள் உண்டு. மெயின்லேண்டிலிருந்து உறவினர்கள் அனுப்பும் வீடியோவைத் திறக்கமாட்டோம். முதல் படத்தைப் பார்த்தே "சூப்பர்" என்று பதில் போடுவோம். போட்டோவை மிகச் சிறியதாக்கித்தான் அனுப்புவோம். வடக்கே லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவிலிருந்து வந்து என்னோடு படித்தவள், ஊருக்குக் கப்பல் ஏறும் முன் கடையில் மெமரி கார்டை நிரப்பிக்கொண்டு போவாள். எதையும் முழுதாக இறக்காமல், தலையைப் பார்த்து உடலை ஊகிக்கப் பழகியவர்கள் நாங்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் அந்த இணையத்தோடுதான் சமாளித்தேன். அதற்காக நானே ஒரு சிறிய நிரல் எழுதினேன்: ஒவ்வொரு பாட்டிலும் முதல் நாற்பது நொடியை மட்டும் இறக்கு. பெரும்பாலும் அது போதுமானதாக இருந்தது. கேபிள் வந்தது. வேகம் வந்தது. அந்த வரியை நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. கூட வேலை செய்யும் சென்னைக்காரர்கள் முழுப் பாட்டையும் ஓடவிட்டு, தாண்டித் தாண்டிக் கேட்பார்கள். நான் அவர்களைவிட இரு மடங்கு வேகம். பாராட்டு மின்னஞ்சல் இரண்டு முறை வந்திருக்கிறது.

தொகுப்புக்காரர்கள் செய்ததையும் சொல்கிறேன். பாட்டின் தொடக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு, குதிரை, துப்பாக்கி, கத்தல், புது டிரம் எல்லாவற்றையும் ஒட்டி நாற்பத்தைந்து ஐம்பது நொடி வரை இழுத்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்த மனிதரின் பழைய பதிவு அப்படியே. மென்பொருள் கண்டுபிடிக்காதபடி வேகத்தை மட்டும் இரண்டு மூன்று சதவீதம் கூட்டியிருந்தார்கள். புது டிரம்முக்குக் கீழே கடைசிப் பத்துப் பதினைந்து நொடிகளில் பழைய அக்கார்டியன் மெதுவாக மேலே வரும். என் நாற்பது நொடிக்குள் விழுந்தது அந்த வால் நுனி மட்டும். அதைத்தான் நான் யாரோ புதிதாக வாசித்தது என்று எடுத்துக்கொண்டேன். திருடியவன் பூட்டைப் பார்த்துச் செய்த வேலை இது. பூட்டாக இருந்தவள் நான்.

ஒன்பதாம் நாள் ஒரு புதன்கிழமை. அந்தத் தொகுப்புகளில் மிச்சமிருந்த வேறு பாட்டுகளின் ஒலி அளவைச் சரிபார்க்கும் வேலை. அதற்கு நிரல் உதவாது. ஆல்பத்தை முழுதாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஹெட்போன் பஞ்சைக் கழற்றி வெயிலில் வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா கதவருகே முறத்தில் கீரையோடு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று மழை பிடித்தது. கொல்லையில் காயப்போட்ட துணிகளை எடுக்க ஓடினேன். ஆல்பம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அதன் கடைசிப் பாட்டு முடிந்து, அடுத்த ஆல்பத்தின் முதல் பாட்டு பாதிக்கு மேல் ஓடியிருந்தது.

"ஏன்டி, ஒரே பாட்டை எத்தனை தடவைதான் போடுவ? பந்த் பண்ணுடி, நிறுத்து."

"ஒரே பாட்டு இல்லம்மா. இது வேற ஆல்பம்."

"வேற ஆல்பமாம். அந்த ஆளு சிரிக்கிறான்ல நடுவுல? முன்னாடி போட்டதிலயும் இதே மாதிரிதான் சிரிச்சான்."

"எந்த ஆளு?"

"எனக்கு என்ன தெரியும், உன் ஆளு. ஓடிக்கிட்டே வருவான், தடுக்கி விழுற மாதிரி ஒரு சத்தம், உடனே பின்னாடி ஒருத்தன் ஹெஹ்ஹேன்னு சிரிப்பான். ரெண்டு தடவை கேட்டேன். பாட்டுக் கேக்குற வேலைங்கிற, உனக்கு அது கேக்கலையா?"

ஈரத் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்த்திக் கேட்டேன். இருந்தது. இரண்டாம் நிமிடத்தில் அக்கார்டியன் ஒரு வேகமான இறக்கத்தில் வரும்போது விரல் ஒரு கட்டையைத் தவறவிடுகிறது. மைக்குக்குத் தள்ளி யாரோ ஒருவர் சிரித்துவிடுகிறார். குழுவில் ஒருவராக இருக்கலாம். வாசித்தவர் நிறுத்தாமல், தவறிய இடத்தையே இன்னொரு முறை வேண்டுமென்றே வாசித்து, அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டு மேலே போகிறார். ஒரே ஒருமுறை ஸ்டூடியோவுக்குப் போனவர்கள். இரண்டாவது முறை பதிவு செய்ய வாய்ப்பு இருந்திருக்காது. இப்படியொரு தவறையும் சிரிப்பையும் யாரும் புதிதாக வாசித்துக் கொண்டுவர முடியாது. மகள் அனுப்பிய பழைய பதிவை முதல் முறையாக முழுதாக இறக்கினேன். அதே இடம். அதே சிரிப்பு, கொஞ்சம் கனத்த குரலில்.

பதினான்கையும் முழுதாக இறக்க நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிடம்! வேகத்தைக் கூட்டியிருந்த அளவுக்குக் குறைத்து, அலை வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். துருத்தி மடிகிற சிறு சத்தம்வரை பொருந்தியது. பதினான்கிலும்.

மூடிய புகாரைத் திறந்து பார்த்தேன். மூடிய கோப்பைப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, தேவையும் இல்லை. அதில் மகளின் பதில் ஒன்று, யாரும் படிக்காமல், ஐந்து நாளாகக் கிடந்தது. கேட்டுப் பார்த்ததற்கு நன்றி சொல்லியிருந்தாள். பிறகு இப்படி: "அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நிபுணர்கள் கேட்டுப் பார்த்து அது நீங்கள் இல்லை என்கிறார்கள் என்று. அப்படியென்றால் நான்தான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேனோ என்று கேட்டார்."

நிபுணர்கள். சோப்புப் போட்டுக் காதைக் கழுவிக்கொண்டிருந்த நிபுணர். அட்டைப் படங்களைப் பார்த்து முகம் சுளித்தபோது எனக்குள் ஒரு சின்ன மேட்டிமை இருந்தது: நான் அந்தக் கும்பலைச் சேர்ந்தவள் இல்லை, அவர்கள் குப்பையைச் சுத்தம் செய்கிறவள் என்று. தலையை வெட்டியது அவர்கள். உடலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். அந்த மனிதருக்குத் தன் விரல் மேலேயே சந்தேகம் வரவைத்தது தொகுப்புக்காரன் அல்ல. அம்மா ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியமே சென்னையில் இருக்கும் டீம் லீடரைப் போனில் கூப்பிட்டேன்.

"சார், அந்த அக்கார்டியன் புகார். நான் தப்பா முடிச்சிருக்கேன்."

"எந்த அக்கார்டியன்?"

"பதினாலு ஆல்பம், மெக்சிகோ."

"அது க்ளோஸ் ஆயிடுச்சேமா."

"ஆமா சார். தப்பா க்ளோஸ் ஆயிடுச்சு."

"யார் க்ளோஸ் பண்ணது?"

"நான்தான்."

சிரித்தார். "உன் மேல நீயே கம்ப்ளெயின்ட் குடுக்கிறியா? அந்தப் பொண்ணு திரும்பக் கேட்டுச்சா?"

"நன்றி சொல்லியிருக்காங்க."

"பார்த்தியா! நன்றியே சொல்லிட்டாங்க. இதுக்கு மேல என்னமா வேணும்?"

"சார், அவங்க அப்பா வாசிச்சது சார் அது."

"சரி, இருக்கட்டும். நீ பரிசோதகர் பிழைன்னு படிவம் போட்டா என்ன ஆகும் தெரியும்ல? உன் கிரேடு போயிடும். திரும்பப் பயிற்சி வரிசைல உக்காரணும். நேத்து சேர்ந்த பையன் உன் வேலையைச் சரிபார்ப்பான். அப்புறம் அந்தத் தொகுப்புக் கம்பெனி நமக்கு எவ்வளவு ஆல்பம் அனுப்புறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும் சார். அதையெல்லாம் நான்தான் உக்காந்து கேக்குறேன்."

"உனக்கு எதுக்குமா இந்த வேண்டாத வேலை?"

"வேண்டிய வேலையை ஒழுங்கா செய்யல சார். அதுக்குத்தான்."

"போடு. ஆனா பதினாலுக்கும் ஆதாரம் ஒழுங்கா இருக்கணும். பாதில விட்டுட்டு என் பேரை இழுக்காத" என்றார்.

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் இருநூறு எழுத்துக்குத்தான் இடம். 'முதல் நாற்பது நொடி மட்டும் கேட்கப்பட்டது' என்று எழுதினேன். மீதி இடம் காலியாக இருந்தது. இணைப்பில் பதினான்கு வரிப் பட்டியல்: ஆல்பம், ஒட்டு முடியும் நொடி, கூட்டிய வேகம், கட்டை தவறும் நொடி, சிரிப்பு வரும் நொடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலை வடிவப் படம். மாலை ஐந்து மணிக்கு அனுப்பினேன்.

அதற்குள் குழு அரட்டையில் செய்தி பரவிவிட்டது. "தண்ணிக்கடியில வர்ற கேபிள்ல பாட்டு நனைஞ்சு போச்சாம், அதான் அக்காவுக்குக் கேக்கல" என்று ஒருவன் போட்டான். நான்கு பேர் சிரித்தார்கள். "நாற்பது நொடிக்கு மேல இருக்கிறதுதான் நனையும்" என்று பதில் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

மகளுக்கு நான் நேரடியாக எழுத முடியாது, விதி. மன்னிப்புக் கேட்கவும் படிவத்தில் கட்டம் இல்லை. மறுபரிசீலனை தொடங்கியதாக அவளுக்குப் போன கடிதம் இயந்திரம் எழுதியது. அதன் நகல் எனக்கு வந்தது. 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று தொடங்கி, 'எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்' என்று ஐந்து நட்சத்திரங்களோடு முடிந்தது. யார் தவறு, என்ன தவறு என்று ஒரு வரி இல்லை. குறைந்தபட்சம் 'அப்பாவிடம் மறுபடி சொல்லுங்கள், அது அவர்தான்' என்றாவது போயிருக்க வேண்டும். அட்டைகளில் பார்த்த அதே வழவழப்பு இந்தக் கடிதத்திலும் இருந்தது.

தொகுப்புக் கம்பெனி எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. இரண்டு ஆல்பங்களைச் சத்தமில்லாமல் கழற்றி, வேறு அட்டையில், வேறு எண்ணில், அதே வாரம் மறுபடி ஏற்றினார்கள். இந்த முறை கத்தல் ஒன்றரை நிமிடம்.

இன்றைய நிலை இது. பதினான்கில் ஒன்பது ஆல்பங்களில் அந்தப் பாட்டின் கீழே அக்கார்டியன் என்று போட்டு அவர் பெயர் வந்திருக்கிறது. போனில் தேடினால் கிடைக்கிறது. நானே தேடிப் பார்த்தேன். மூன்று ஆல்பங்கள் பரிசீலனையில் இருக்கின்றன. புது அட்டையில் வந்த இரண்டுக்கும் மகள் புதிதாகப் புகார் கொடுக்க வேண்டும். அவை வந்திருப்பது அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் பயிற்சி வரிசையில் நான்காவது மாதத்தில் இருக்கிறேன். அந்தப் புகார்க் கோப்பை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். அவளிடமிருந்து புதிய செய்தி எதுவும் வரவில்லை.